குகையில் முட்டையிடும் மீன்கள்: பெற்றோர் பார்த்துக்கொள்வது எதுவரை?

கப்பி மீன் வளர்த்தவர்கள் ஒருமுறையாவது அதைப் பார்த்திருப்பார்கள். தாய் குட்டி போடும். அடுத்த நிமிடமே திரும்பி அதையே விழுங்கும். மீனுக்குப் பிள்ளைப் பாசமே கிடையாது என்று அன்றைக்கே பலர் முடிவு கட்டிவிடுவார்கள். குகையில் முட்டையிடும் மீன்களை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது. இவை முட்டையை மறைவான இடத்தில் ஒட்டி வைக்கும், வாசலில் காவல் நிற்கும், துடுப்பால் விசிறி நல்ல தண்ணீரை உள்ளே தள்ளும், கெட்டுப்போன முட்டையைத் தேடிப் பொறுக்கும். சில இனங்களில் அம்மா பார்த்துக்கொள்ளும், சிலவற்றில் அப்பா, சிலவற்றில் இருவரும் சேர்ந்து.

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் இரண்டடித் தொட்டி ஒன்று வைக்க இடமிருந்தால் இதையெல்லாம் வீட்டிலேயே பார்க்கலாம். முட்டையிட வைப்பது அப்படியொன்றும் கடினமில்லை. குஞ்சுகளை ஒரு மாதம் தாண்ட வைப்பதில்தான் சிக்கல். புதிதாக இறங்குபவர்கள் முட்டையைப் பார்த்ததும் பதறிப்போய் அதைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் பெற்றோரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். மீன் தன் வேலையை எந்த நாள்வரை நன்றாகச் செய்யும், எந்த நாளில் நாம் கை கொடுக்க வேண்டும் என்பது தெரிந்தால் இரண்டு தவறுமே நேராது.

குகை எதற்கு?

ஆற்றில் திறந்த வெளியில் கிடக்கும் முட்டைக்கு ஆயுள் குறைவு, சுற்றிலும் வாய்கள். ஆயிரக்கணக்கில் முட்டையை இறைத்துவிட்டு, பிழைப்பது பிழைக்கட்டும் என்று போய்விடும் மீன்கள் உண்டு. கொஞ்சமாக, ஆனால் பெரிய முட்டையாக இட்டு, பொந்துக்குள் வைத்துக் காக்கும் மீன்களும் உண்டு. பொந்துக்கு ஒரே வாசல். அந்த வாசலை உடம்பால் அடைத்துக்கொண்டால் தன்னைவிடப் பெரிய எதிரியையும் சின்ன மீன் சமாளித்துவிடும்.

மீன் கடையில் குகையை அலங்காரப் பொருள்களோடு அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் இந்த மீன்களுக்குக் குகை கிடைத்தால்தான் இனப்பெருக்கம் என்ற நினைப்பே வரும். ஆணும் பெண்ணும் ஆரோக்கியமாக, நன்றாகத் தின்றுகொண்டு, ஆண்டுக்கணக்கில் ஒரே தொட்டியில் இருக்கும். ஒரு முட்டைகூட வராது. சரியான அளவில் ஒரு பொந்தைப் போட்டதும் சில வாரங்களில் முட்டை தெரியும்.

அதில் 'சரியான அளவில்' என்பதுதான் முக்கியம். பெரிய குகை என்றால் மீனுக்கு வசதி என்று நாம் நினைப்போம். மீனுக்கோ இறுக்கமான இடம்தான் பிடிக்கும். வாயால் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தியான பிளெக்கோ வகைக்கு, ஆண் மீன் உள்ளே போய்த் துடுப்பை விரித்தால் இருபுறமும் சுவர் தொட வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆணுக்கு ஏறக்குறைய 4, 5 சென்டிமீட்டர் அகலமும் 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாய் போதும். ஒரு முனை கட்டாயம் மூடியிருக்க வேண்டும். இருபுறமும் திறந்த குழாயில் மீன் ஒளிந்துகொள்ளும், முட்டையிடத் தயங்கும். சிக்லிட் என்ற மீன் குடும்பத்துக்கு உள்ளே கொஞ்சம் இடம் இருக்கலாம், வாசல் மட்டும் சிறியதாக இருக்கட்டும்.

காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. சமையலறையில் உடைக்கும் தேங்காயின் சிரட்டை போதும். பாதிச் சிரட்டையின் விளிம்பில் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டி மணல்மேல் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைத் துளியும் இல்லாமல் சுரண்டி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை கொதிக்கவிட்ட பிறகுதான் தொட்டியில் போட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய்ப் படலம் மேலே மிதக்கும். மண்சட்டியும் நல்லதுதான். பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் பக்கம் போனால் சின்னதும் பெரியதுமாகப் பானைகள் கிடைக்கும். வர்ணம் பூசிய பானையும் மெருகு ஏற்றிய பானையும் தொட்டிக்கு ஆகாது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிவிசி குழாய்த் துண்டும் மூடியும்கூடப் போதும். பார்க்க அழகில்லை என்பது நம் கவலை, மீனுக்கு அது இல்லை.

மீன்களின் எண்ணிக்கையைவிடக் குகைகளின் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கட்டும். வாசல்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டாம். எதிரெதிர் வாசலில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்துகொண்டால் நாள் முழுக்க முறைத்துக்கொண்டே இருக்கும், வேறு வேலை நடக்காது.

எந்த மீனில் தொடங்கலாம்?

என்னைக் கேட்டால் பிரிஸில்நோஸ் பிளெக்கோ அல்லது க்ரிபென்சிஸ். இரண்டும் சிராங்கூன் நார்த் அவென்யூ 2 கடைகள் முதல் அக்கம்பக்கத்துக் கடைகள் வரை அடிக்கடி கண்ணில் படுபவை. விலையும் பயமுறுத்தாது.

பிரிஸில்நோஸ் தென்னமெரிக்காவின் அன்சிஸ்ட்ரஸ் இனத்தைச் சேர்ந்தது. 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளரும். வளர்ந்த ஆணின் மூக்கிலிருந்து நெற்றிவரை கிளை கிளையாக மீசை முளைத்திருக்கும். பெண்ணுக்கு அது இருக்காது, இருந்தாலும் உதட்டோரம் சின்னதாகத்தான். இதில் பிள்ளை வளர்ப்பு முழுக்க அப்பாவின் பொறுப்பு. பெண் குகைக்குள் வந்து ஆரஞ்சு நிற முட்டைகளைக் கொத்தாக இட்டுவிட்டுப் போய்விடும். ஒரு கொத்தில் சில பத்து முட்டைகளிலிருந்து நூறுக்கு மேல்கூட இருக்கும். அதற்கப்புறம் அப்பா வாசலை விட்டு அசையாது. சாப்பாட்டுக்குக்கூட அவ்வளவாக வெளியே வராது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'சக்கர் மீன்', 'தொட்டி சுத்தம் செய்யும் மீன்' என்று சொல்லி விற்கும் குட்டிகள் எல்லாம் பிரிஸில்நோஸ் இல்லை. பல நேரம் அவை டெரிகோப்லிக்திஸ் என்ற பெரிய வகை. விரல் அளவில் வாங்கி வந்தது 40 சென்டிமீட்டர் தாண்டிப் போகும். முதுகுத் துடுப்பைப் பாருங்கள். அது கப்பல் பாய் மாதிரி உயரமாக விரிந்து, பத்துக்கு மேல் கதிர்கள் இருந்தால் அந்தப் பெரிய வகை. பிரிஸில்நோஸின் துடுப்பு சிறியது, தலை தட்டையாக அகன்றிருக்கும்.

க்ரிபென்சிஸ் நைஜீரியா, கேமரூன் பகுதிகளின் சிறிய சிக்லிட். ஆண் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், பெண் அதைவிடச் சிறியது. இதில் பெண்தான் கண்ணைப் பறிக்கும் அழகு. முட்டையிடும் காலத்தில் அதன் வயிறு செர்ரிப் பழச் சிவப்பாக மாறும்; உடம்பை வளைத்துக் குலுக்கி ஆணைக் குகைக்கு அழைப்பதும் அதுவே. முட்டைகளைக் குகையின் கூரையில் ஒட்டிவிட்டு அம்மா உள்ளே இருக்கும், அப்பா வெளியே ரோந்து போகும். குஞ்சுகள் நீந்த ஆரம்பித்ததும் இரண்டும் சேர்ந்து அவற்றைக் கூட்டமாக மேய்க்கும். ஒரு துடுப்பு அசைவில் குஞ்சுகள் எல்லாம் அப்படியே அடியில் படிந்து அசையாமல் கிடப்பதைப் பார்க்க வேண்டுமே! அதற்காகவே பலர் இந்த மீனை விடாமல் வளர்க்கிறார்கள்.

அடுத்த படி ஏபிஸ்டோகிராமா. அமேசான் பகுதியின் குள்ள சிக்லிட். பல இனங்களில் ஒரே ஆண் பல பெண்களோடு வாழும், ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிக் குகை. காவல் இருக்கும் தாய் பளிச்சென்று மஞ்சளாக மாறிவிடுவதால், முட்டை இருக்கிறதா என்று குகைக்குள் எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை.

ஆப்பிரிக்காவின் டாங்கன்யிகா ஏரியில் வாழும் கிளிஞ்சல் மீன்கள் நத்தை ஓட்டுக்குள் முட்டையிடும்; அவற்றுக்குக் கடினமான, காரத்தன்மை உள்ள தண்ணீர் வேண்டும். வெள்ளையும் கறுப்புமாக வரியோடிய எல்46 என்கிற ஸீப்ரா பிளெக்கோவின் மேல் எல்லாருக்கும் ஆசை உண்டு. பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் மட்டுமே இயற்கையாக வாழும் மீன் அது. அங்கே எழுந்த பெலோ மோன்சி அணை அதன் வாழ்விடத்தையே மாற்றிவிட்டது. அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் இப்போது இருக்கிறது. ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும், விலையும் அதிகம். கை பழகுவதற்கு முன் அதைத் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊர்த் தண்ணீர், நம் ஊர் வெயில்

ஊரில் தாத்தா காலத்து யோசனை ஒன்று உண்டு: குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். சிங்கப்பூரில் அது பலிக்காது. பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரில் கிருமி அண்டாமல் இருக்கக் குளோரமைன் சேர்க்கிறது. குளோரின் போலக் குளோரமைன் ஒரு இரவில் ஆவியாகிப் போகாது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஆன்டி-குளோரின் ஊற்றியே ஆக வேண்டும். குளோரமைனையும் முறிக்கும் என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குளோரமைன் உடையும்போது கொஞ்சம் அம்மோனியா வெளிப்படும். பெரிய மீன் தாங்கிக்கொள்ளும், ஒரு வாரக் குஞ்சு தாங்காது. அதற்காகவே குஞ்சு வளரும் தொட்டியில் ஒரே மூச்சில் பாதித் தண்ணீரை மாற்றக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி மாற்ற வேண்டும்.

சூடு இன்னொரு விஷயம். மற்ற நாட்டுக் கையேடுகள் எல்லாம் ஹீட்டர் வாங்கச் சொல்லும். நம் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் சும்மாவே 28 முதல் 30 டிகிரி இருக்கும். க்ரிபென்சிஸ் பொறுத்துக்கொள்ளும். பிரிஸில்நோஸ் 25, 26 டிகிரியில் இன்னும் சுகமாக இருக்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறையும். பொந்துக்குள் அடைந்து கிடக்கும் முட்டைக்கு அது நல்லதில்லை. விளிம்பில் மாட்டும் சின்ன மின்விசிறி தண்ணீரின் மேற்பரப்பில் காற்றடித்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். தண்ணீர் வேகமாக வற்றும், அவ்வப்போது ஊற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரால் கால் பங்கு மாற்றினால், ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது என்று நினைத்துப் பிளெக்கோ முட்டையிடத் தயாராவதும் உண்டு. மாதக்கணக்காகச் சும்மா இருக்கும் ஜோடிக்கு நான் முதலில் சொல்லும் யோசனை அதுதான்.

ஏபிஸ்டோ வளர்ப்பவர்கள் சூட்டைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. குஞ்சாக இருக்கும் முதல் சில வாரங்களில் தண்ணீர் எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து அது ஆணாகவோ பெண்ணாகவோ மாறுகிறது. ஊவே ரோமரும் வோல்ஃப்காங் பைசன்ஹெர்ட்ஸும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பல ஏபிஸ்டோ இனங்களில் சூடு கூடக் கூட ஆண்கள் அதிகமாவதைக் காட்டினார்கள். விசிறி இல்லாத தொட்டியில் 'எல்லாம் ஆணாகவே வருகிறதே' என்று யாராவது புலம்பினால் வெப்பமானியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். க்ரிபென்சிஸில் இதே வேலையைத் தண்ணீரின் பிஹெச் செய்கிறது. அமிலத்தன்மை கூடினால் ஆண்கள் பெருகும்.

நம் குழாய்த் தண்ணீர் சற்றே காரத்தன்மை உடையது. க்ரிபென்சிஸும் பிரிஸில்நோஸும் அதைக் கண்டுகொள்ளாது. ஏபிஸ்டோவுக்கு வேண்டுமானால் காய்ந்த கெத்தாபாங் இலை ஒன்றிரண்டு போடலாம். ஊரில் நாட்டு வாதுமை என்போமே, அதே மரம்தான். தண்ணீர் தேநீர் நிறமாகும், பிஹெச் மெல்ல இறங்கும், பூஞ்சையும் குறையும். அந்த இலை மட்கும்போது அதில் படியும் நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் கொத்தித் தின்னும்.

முட்டை இருக்கும் நாட்கள்: கையை எடுங்கள்

க்ரிபென்சிஸ் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரியும். பிரிஸில்நோஸ் முட்டைக்கு ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும், தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் கூட. பொரிந்த உடனே குஞ்சு நீந்தாது. வயிற்றில் மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு குகைச் சுவரில் ஒட்டியோ, அடியில் துடித்துக்கொண்டோ கிடக்கும். அந்தப் பை கரையும்வரை அதற்கு உணவு தேவையில்லை. க்ரிபென்சிஸுக்கு இது நாலைந்து நாள், பிரிஸில்நோஸுக்கு ஒரு வாரம்.

இந்த நாட்களில் பெற்றோரைவிட நன்றாக நம்மால் பார்த்துக்கொள்ள முடியாது. துடுப்பால் விசிறுவதற்கு ஈடாக நாம் ஏர் பம்ப் வைக்கலாம், பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் நீலம் ஊற்றலாம். ஆனால் வெள்ளையாகிப்போன ஒரு முட்டையை மட்டும் பூஞ்சை அடுத்த முட்டைக்குப் பரவும் முன் எடுத்துவிடும் நுணுக்கம் நமக்கு வராது. தொட்டிமேல் டார்ச் அடிப்பது, குகையைத் தூக்கிப் பார்ப்பது, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவது இதெல்லாம் வேண்டாம். மிரண்டுபோன பெற்றோர் முட்டையைத் தாமே தின்றுவிடும். ஆபத்தான இடத்தில் பிள்ளை வளர்ப்பதைவிட அந்தச் சத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த முறை பார்ப்போம் என்பது மீனின் கணக்கு.

முதல் ஈட்டை ஜோடி தின்றுவிட்டால் கவலைப்படாதீர்கள், அது சகஜம். இரண்டு மூன்று ஈடு போனால் பெரும்பாலான ஜோடிகள் பழகிவிடும். அதற்கப்புறமும் விடாமல் தின்றால் மட்டும் முட்டையைத் தனியே எடுப்பது பற்றி யோசிக்கலாம். அப்போதும் குகையோடு சேர்த்து, தண்ணீருக்கு வெளியே வராமல், ஒரு டப்பாவில் மொண்டு எடுக்க வேண்டும். அதே தொட்டித் தண்ணீரில் காற்றுக்கல் போட்டு, முட்டைக்குப் பக்கத்தில் மெதுவாகக் குமிழி போகுமாறு வையுங்கள். வெள்ளை முட்டையைத் தினமும் பைபெட்டால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பிரிஸில்நோஸ் அப்பா சில நேரம் முட்டைக் கொத்தைத் தவறுதலாக வெளியே தள்ளிவிடும், முக்கியமாக இளம் ஆண்கள். கொத்தை மெல்ல அதே குகைக்குள் திரும்ப வைத்தால் சில அப்பாக்கள் ஏற்றுக்கொள்ளும். ஏற்காவிட்டால் மேலே சொன்ன டப்பாதான்.

இந்த அமைதியான வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை தொட்டிக்கு வெளியே இருக்கிறது. குஞ்சுக்கு உணவு தயாராக வேண்டும். குஞ்சு நீந்திய பிறகு கடைக்கு ஓடுபவர்கள்தான் பெரும்பாலும் ஈட்டை இழக்கிறார்கள்.

நீந்தத் தொடங்கும் நாள்: இனி நம் வேலை

காவலைப் பெற்றோர் தொடரும். ஆனால் அவற்றால் முடியாத காரியங்கள் மூன்று: போதுமான உணவு தேடித் தருவது, ஃபில்டரிடமிருந்து காப்பது, இருட்டில் பார்ப்பது.

முதலில் உணவு. ஆற்றில் குஞ்சைச் சுற்றி எங்கும் நுண்ணுயிர்கள் உண்டு. நம் சுத்தமான கண்ணாடித் தொட்டியில் இல்லை. சிக்லிட் குஞ்சுகளுக்குப் புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியாவுக்கு (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகை) இணை எதுவும் இல்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஆரஞ்சு நிறப் பூச்சி, துடித்துக்கொண்டு நீந்தும். அந்த அசைவைப் பார்த்துத்தான் குஞ்சு வாயைத் திறக்கும். க்ரிபென்சிஸ், ஏபிஸ்டோ குஞ்சுகள் முதல் நாளிலிருந்தே இதைத் தின்னும். உலர்ந்த முட்டையாக டப்பாவில் விற்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள பெரிய உப்பு ஏரியிலிருந்து வருபவை பெயர்போனவை.

ஒரு பிளாஸ்டிக் புட்டியைத் தலைகீழாக வெட்டி நிறுத்தி, லிட்டருக்கு 25 கிராம் உப்பு கலந்து, அரைத் தேக்கரண்டி முட்டை போட்டு, ஏர் பம்பால் நன்றாகக் கலக்கிவிடுங்கள். பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். நம் ஊர் வெயிலுக்கு 24 மணி நேரத்திலேயே பொரிந்துவிடும், ஹீட்டர் வேண்டாம். இது ஒன்றில் நம் சீதோஷ்ணம் நமக்குச் சாதகம். பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும், பூச்சிகள் வெளிச்சத்தை நோக்கிக் கூடும். நடுவிலிருந்து உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடு போகக் கூடாது, குஞ்சு வயிற்றில் செரிக்காது. பொரிந்த சில மணி நேரத்தில் பூச்சி தன் சத்தைத் தானே செலவழித்துவிடும் என்பதால் அன்றன்றைக்குப் பொரிந்ததை அன்றே கொடுப்பது நல்லது. இரண்டு புட்டி வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் தினமும் கிடைக்கும்.

வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கிளம்பும் முன் ஒரு தடவை, வீடு திரும்பியதும் ஒரு தடவை, தூங்கப் போகும் முன் ஒரு தடவை கொடுத்தால் போதும். பைபெட்டால் குஞ்சுக் கூட்டத்தின் நடுவிலேயே விடுங்கள். சிறிது நேரத்தில் குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் சாப்பிட்டுவிட்டன என்று அர்த்தம்.

கொசுப்புழு நல்ல உணவுதானே, பழைய காலத்தில் வாளியில் பிடிப்பார்களே என்று சிலர் கேட்பார்கள். நல்ல உணவுதான். ஆனால் சிங்கப்பூரில் வீட்டில் கொசு உற்பத்தியாக விட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும். டெங்கி பரவும் ஊரில் அது நியாயமும்கூட. கொசு முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகப் பறந்துவிடும். பால்கனியில் பாசி பிடிக்க வைத்த வாளியைக்கூட மூடி வையுங்கள்.

பிரிஸில்நோஸ் குஞ்சுக்கு ஆர்ட்டீமியாவைவிடச் சுரண்டித் தின்ன ஏதாவது வேண்டும். தொட்டியில் ஒரு டிரிஃப்ட்வுட் (நீரில் ஊறிய மரம்) துண்டு கட்டாயம் இருக்கட்டும். வெந்நீரில் சற்றே வேகவைத்த வெள்ளரி, பூசணி, கீரை எல்லாம் கொடுக்கலாம். முள்கரண்டியில் குத்தி அடியில் இருக்குமாறு வைத்தால் ஒரு துண்டில் இருபது குஞ்சு மொய்க்கும். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நாறும். இவை நாள் முழுக்கத் தின்று நாள் முழுக்கக் கழிக்கும் ஜாதி. பட்டினி போட்டாலும் சாகும், தண்ணீர் கெட்டாலும் சாகும்.

ஃபில்டர். வெளியே மாட்டும் ஃபில்டரோ கேனிஸ்டரோ, அதன் உறிஞ்சுகுழாய் குஞ்சுகளை இழுத்துக்கொள்ளும். காலையில் நாற்பது இருந்தது, மாலையில் இருபது என்றால் பெற்றோரைச் சந்தேகிக்கும் முன் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். உறிஞ்சுமுனையில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். அதைவிட நல்லது, குஞ்சு வளரும் தொட்டியில் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றையே வைத்துவிடுவது. விலை குறைவு, குஞ்சை இழுக்காது, அதன்மேல் படியும் அழுக்கில் குஞ்சுகள் மேயவும் செய்யும். தண்ணீர் மாற்றும்போதும் பெரிய குழாய் வேண்டாம், ஏர் பம்பின் மெல்லிய குழாயால் வெள்ளை வாளிக்குள் இறக்குங்கள். தப்பி வந்த குஞ்சு வெள்ளையில் பளிச்சென்று தெரியும்.

இரவு. க்ரிபென்சிஸும் ஏபிஸ்டோவும் கண்ணால் பார்த்துக் காவல் காப்பவை. விளக்கை அணைத்தால் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிளெக்கோவும், அடியில் மேயும் சின்னக் கெளுத்தியான கோரிடோராஸும் இருட்டில் வாசனையால் உணவு தேடுபவை. பகலில் அப்பாவி மாதிரி இருக்கும் கோரிடோராஸ் கூட்டம் ஒரே இரவில் முழு ஈட்டையும் முடித்துவிடும். ஆகவே, தொடக்கத்துக்கு நான் சொன்ன பிரிஸில்நோஸையும் க்ரிபென்சிஸையும் ஒரே தொட்டியில் போட்டு இரண்டிலும் குஞ்சு எடுக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். க்ரிபென்சிஸ் தொட்டியில் அடியில் மேயும் மீன் எதுவும் வேண்டாம். மேலே நீந்தும் சின்ன டெட்ரா நாலைந்து இருந்தால் பரவாயில்லை. விரட்ட ஆள் இருந்தால் ஜோடி தங்களுக்குள் சண்டை போடுவதும் குறையும். முதல் இரண்டு வாரம் அறையில் ஒரு மங்கலான விளக்கு எரிய விட்டால் பெற்றோருக்கு உதவி.

தொட்டிக்குள் தொங்கவிடும் வலைப்பெட்டியைப் பலர் உடனே வாங்கிவிடுகிறார்கள். சிக்லிட் குஞ்சுக்கு அது எனக்குப் பிடிப்பதில்லை. வலைக் கண்கள் அடைத்துக்கொள்ளும், உள்ளே தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், மிச்ச உணவு அடியில் அழுகும். தொட்டியின் வெளிப்புறம் மாட்டி, காற்றுக்குழாயால் தொட்டித் தண்ணீரையே சுழலவிடும் பிளாஸ்டிக் பெட்டி வேறு விஷயம். குகையைவிட்டு வந்த பிரிஸில்நோஸ் குஞ்சுகளை அதில் இரண்டு மூன்று வாரம் வளர்த்தால் எண்ணிக்கை குறையாமல் தேறும்.

எப்போது பிரிப்பது?

க்ரிபென்சிஸ் ஜோடி நாலு முதல் ஆறு வாரம்வரை குஞ்சுகளை மேய்க்கும். அம்மாவின் வயிறு மறுபடியும் சிவக்கத் தொடங்கினால் அடுத்த ஈட்டுக்குத் தயாராகிறது என்று பொருள். அதுவரை பொத்திப் பொத்திக் காத்த அதே பிள்ளைகளை அப்போது அதுவே விரட்டும், கிடைத்தால் கடிக்கும். குஞ்சு ஒரு சென்டிமீட்டர் தாண்டியதும், பெற்றோர் விரட்டத் தொடங்கும் முன்பே, வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும் தொட்டியில் பாதிக்கு மேல் பழைய தொட்டித் தண்ணீர் இருக்கட்டும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஒன்றையும் போடுங்கள். வலையால் பிடித்தால் துடுப்பு கிழியும். ஒரு கோப்பையால் மொண்டு எடுப்பது நல்லது.

இதற்கு நேர்மாறான மீனும் உண்டு. டாங்கன்யிகா ஏரியின் நியோலாம்ப்ரோலோகஸ் புல்கெர் குடும்பத்தில் மூத்த குஞ்சுகள் வீட்டைவிட்டுப் போகாமல், அடுத்த ஈட்டுத் தம்பி தங்கைகளைக் காக்க உதவும். பிரிக்கவே வேண்டாம், தொட்டி பெரிதாக இருந்தால் சரி.

அப்புறம் எண்ணிக்கைப் பிரச்சினை. நல்ல ஜோடி சில வாரங்களுக்கு ஒருமுறை நூறு குஞ்சு கொடுத்தால் வீட்டில் எத்தனை தொட்டிதான் வைப்பது? முதல் ஈடு நீந்தும்போதே பக்கத்து மீன் கடையில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாலு சென்டிமீட்டர் ஆனதும் சில கடைகள் வாங்கிக்கொண்டு பதிலுக்குத் தீனியோ ஃபில்டரோ தருவார்கள். நண்பர்கள், அக்கம்பக்கத்தார் இருக்கவே இருக்கிறார்கள்.

நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடுவது மட்டும் கூடவே கூடாது. வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் விடுவது குற்றம். தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் ஆண்டுதோறும் இதைச் சொல்லி இயக்கமே நடத்துகின்றன. மேலே சொன்ன அந்தப் பெரிய 'சக்கர்' மீனை யாரோ விட்டதால்தான் அது இங்குள்ள நீர்நிலைகளில் இன்று வாழ்கிறது. தமிழ்நாட்டுக் குளங்களிலும் அதே கதைதான். அதுவும் பொந்தில் முட்டையிடும் மீன்தான். தொட்டியில் நாம் குழாய் போடுகிறோம். வெளியே அது கரையைத் தோண்டித் தானே பொந்து செய்துகொள்ளும், கரை மண் சரியும்.

கொஞ்ச காலம் குஞ்சே வேண்டாம் என்று தோன்றினால் அதற்கும் வழி உண்டு. மூடிய முனையுள்ள குழாய்களையும் சிரட்டையையும் எடுத்துவிட்டு, ஒளிந்துகொள்ள இருபுறமும் திறந்த மரத்துண்டும் செடியும் மட்டும் விட்டு வையுங்கள். பிரிஸில்நோஸ் பெரும்பாலும் நிறுத்திவிடும். க்ரிபென்சிஸ் மட்டும் சும்மா இருக்காது, செடி வேரடியில் மணலைத் தோண்டப் பார்க்கும். அதற்கு ஆணையும் பெண்ணையும் வேறு வேறு தொட்டியில் விடுவதுதான் ஒரே வழி.